எந்தப் படுக்கையில் அந்தப் பெண்?

அந்தக் குரல்பதிவை அனுப்பிய பிறகு மைக் நன்றாகத் தூங்கினாள். தம்பி செத்துப்போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு அதுதான் முதல் தூக்கம். அதற்காக அவளை யாரும் கரித்துக்கொட்ட வேண்டாம். கரித்துக்கொட்ட வேண்டிய காரியம் வேறு இருக்கிறது, அதற்கு வருவோம்.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் அல்லாடுகிறவர்களுக்கு நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

மைக் என்பது வீட்டில் வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். தொற்று வந்து பஸ்கள் நின்றுபோனதும், குரலைச் சும்மா வைத்திருப்பானேன் என்று பிரசவ ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் தன்னார்வலர்களோடு சேர்ந்துகொண்டாள். அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, ஒரு ஆஸ்பத்திரியில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனான். லிஃப்ட் சரியாயிற்று. அவன் நோயோடு திரும்பி வந்தான்.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், கட்டியவனுக்கும் டீச்சர்தான். நிறைமாதம். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அவனை ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலும் அவளைப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை அவன் இறந்தான். டீச்சருக்கு அது தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவர் மாமனார், அதாவது மைக்கின் அப்பா. ஓய்வு பெற்ற கண்டக்டர். மகனின் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறையைப் பிரித்தபோதே போன் துடித்தது. ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று டீச்சர் கேட்டிருந்தாள். கிழவர் ஒற்றை விரலால் தடவித் தடவி, ‘பரவாயில்ல. மூக்குல குழாய் இருக்கு, பேச முடியாது. எழுதறேன்’ என்று பதில் போட்டார். அன்று ஆரம்பித்தது.

இனி திங்கட்கிழமை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் முன்னறைதான் தன்னார்வலர்களின் அலுவலகம். சுவர் நிறையப் போக்குவரத்துக் குறிகள் மாட்டியிருக்கும். ‘வலது பக்கம் திரும்பாதே’ என்ற படத்துக்குக் கீழேதான் முகக்கவசப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பள்ளியின் முதலாளியை எல்லோரும் எல்போர்டு என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், வழுக்கை, எதையும் மெதுவாகச் சொல்லுவார்.

அவர் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. பொய் சொல்லக் கூடாது. பேர் சொல்லக் கூடாது. தினமும் ஒரு குரல்பதிவு, ஒரு நிமிஷத்துக்குள். உண்மையான ஒரு தாயின் கதை, பெயர் இல்லாமல். எழுதி அனுப்பினால் ஜனங்கள் படிப்பதில்லை. மைக் பேசினால் மட்டும் கேட்கிறார்கள். கடைசி பஸ் கிளம்பப்போகிறது என்று பதினைந்து வருஷமாக ஊரையே ஓடவைத்த குரல் அது.

மைக் உள்ளே நுழைந்தபோது எல்போர்டு எழுந்து நின்றார்.

“ரெண்டு மெஷினும் வந்துருச்சும்மா. ஆக்ஸிஜன் மெஷின். சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு வரும்போல இருக்கு. உன்னோட நேத்துப் பேச்சுதான். எங்கேயோ இருக்கறவங்கெல்லாம் கூப்பிட்டு அழறாங்க.”

மைக் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய சேதி.

“எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க,” என்றார் எல்போர்டு. “யாரு அந்தப் பொண்ணுன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்குத் தெரியாதுன்னேன்.” முகக்கவசப் பெட்டி ஒன்றை நேராக்கி வைத்தார். “எனக்குத் தெரியும்ல, மைக்கு?”

அவர் போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டார். மைக் தன் குரலைத் தானே கேட்டாள்.

“வயித்துல நிறைமாசம். மூக்குல ஆக்ஸிஜன். அவளுக்குன்னு தனியா ஒரு மெஷின் கூட இல்ல, பக்கத்து பெட்காரியோட பங்கு போட்டுக்கறா. புருஷன் செத்து ரெண்டு நாள் ஆச்சு. அது அவளுக்கு இன்னும் தெரியாது. அவன் வருவான்னு காத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கு மூச்சு மட்டுமாவது நாம குடுக்கலாம்.”

எல்போர்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“பொய் சொல்லல. பேர் சொல்லல. என் சட்டத்த நீ மீறவே இல்ல,” என்றார். “ஆனா இது போகாத போன் ஊர்ல இல்லம்மா. அந்த வார்டுல இருக்கறவங்க கையில போன் இருக்காது?”

முந்தின நாள் சாயங்காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியபோது அவளுக்கு அது தோன்றவே இல்லை. தம்பி செத்ததை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லி அழவில்லை. அழ வந்தவர்கள் யாரும் கிடையாது, வந்தவர்கள் வாசலில் எட்டி நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் ஒரு நிமிஷம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. துக்கத்தை இறக்கிவைக்க இடம் தேடினவள், ஊர் நடுவில் இறக்கிவிட்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அப்பா.

“உடனே வா. டீச்சர் எழுதியிருக்கா.”

கிழவர் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிப்போயிருந்தது. மகன் போன் அவர் மடியில் இருந்தது.

இந்த நான்கு நாளில் அவர் என்ன பாடுபட்டார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். மகனைப் போல எழுத, மகன் எழுதியதையெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. பெண்டாட்டிக்கு ஒருவன் எழுதியதை அவன் தகப்பன் படிப்பது சாதாரண சங்கடமா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். மருமகளிடம் அதுவரை ‘வாம்மா, போம்மா’ என்றுதான் பேசியிருக்கிறார். இப்போது ‘சாப்பிட்டியாடி’ என்று எழுதினார். அந்த ‘டி’யைத் தட்டும்போதெல்லாம் அவர் விரல் ஒரு தரம் தயங்கும். சனிக்கிழமை டீச்சர், ‘ஒரு முத்தம் கூட அனுப்ப மாட்டீங்களா’ என்று கேட்டபோது போனைப் பெண்ணிடம் நீட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மைக்தான் முத்தம் கொடுக்கிற ஒரு மஞ்சள் பொம்மை முகத்தைத் தேடி அனுப்பினாள்.

மைக் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கிப் படித்தாள்.

‘உங்க அக்கா பேசினதக் கேட்டீங்களா? பக்கத்து பெட் அக்கா போட்டுக் காட்டினாங்க. முதல் வார்த்தையிலேயே அண்ணி குரல்னு கண்டுபிடிச்சிட்டேன். அழுகைய அடக்க முடியல. நானும் இங்க மெஷின பங்குதான் போட்டுக்கறேன், ஆனா எனக்கு நீங்க இருக்கீங்க. அந்தப் பொண்ணு பாவம். இதே வார்டுலதான் இருக்கணும். காலையிலேர்ந்து தேடறேன்.’

அதற்குக் கீழே இன்னொன்று.

‘ஊருக்கே தெரியுது, அவளுக்கு மட்டும் தெரியல. இது என்ன நியாயம்? நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் மறைக்கறாங்க போல. எனக்கு யாராவது இப்படிப் பண்ணினா நான் மன்னிக்கவே மாட்டேன். அண்ணிகிட்ட சொல்லுங்க, அவ வீட்டுக்காரங்ககிட்ட பேசச் சொல்லி. இல்லாட்டி நானே அவளக் கண்டுபிடிச்சு சொல்லிடுவேன்.’

மைக் போனை அப்பாவின் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

டீச்சருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். அப்பா அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். அதுதான் காரணம்.

“அப்பா, இன்னிக்கே சொல்லிடலாம்.”

“வேணாம்.”

“அவ தேடிக்கிட்டு இருக்காப்பா. நர்ஸ் யாராவது வாய் தவறிச் சொல்லிட்டா?”

“குழந்த வெளிய வரட்டும். டாக்டர் மத்தியானம் ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.”

“அதுக்கப்புறம்னா எப்போ? பத்து நாள் கழிச்சா? அதுவரைக்கும் நீங்க எழுதிக்கிட்டே இருப்பீங்களா?”

“எழுதுவேன்.”

“எத்தன நாளைக்குப்பா?”

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

“அவன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்கற ஆளு இந்த உலகத்துல ஒருத்திதாம்மா மிச்சம்,” என்றார். “அவளையும் இல்லாம ஆக்கிடாத.”

மருமகளின் உயிருக்காகத்தான் அப்பா எழுதுகிறார் என்று இத்தனை நாளும் மைக் நினைத்திருந்தாள். பாதிதான் உண்மை. அந்தப் போனுக்குள் அவர் தன் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்திருந்தார். காலையில் எழுப்பினார், சாப்பிட்டாயா என்று கேட்கவைத்தார், ராத்திரி தூங்கவைத்தார்.

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. வாசலில் காரின் ஒலி கேட்டது. எல்போர்டு வந்து நின்றார்.

“மெஷின ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். வரியாம்மா?”

“அப்பா, நீங்களும் வாங்க,” என்றாள் மைக். கிழவர் மகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பயிற்சிக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் இரண்டு மெஷின் பெட்டிகளுக்கு நடுவே கிழவர் ஒண்டிக்கொண்டிருந்தார். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆஸ்பத்திரி கேட் கண்ணில் பட்டதும் வண்டி குலுங்கி நின்றது.

“மைக்கு,” என்றார் எல்போர்டு, “கால எடும்மா.”

தன் பக்கத்துப் பிரேக்கைத் தன்னுடைய கால் அழுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பெரிய டாக்டரம்மா படிக்கட்டிலேயே நின்று மெஷின்களை வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் முகக்கவசம் அழுந்திய தழும்பு இருந்தது. நன்றி சொன்னாள். பிறகு மைக்கைத் தனியே அழைத்துப் போனாள்.

“காலையில ரவுண்ட்ஸ் போனப்ப உங்க டீச்சர் என்னை நிறுத்தி வெச்சுக் கேட்டாங்க. அந்தப் பொண்ணு எந்த பெட் டாக்டர்னு. மத்தவங்களப் பத்திப் பேசக் கூடாதும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களப் பத்தியே கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“சொன்னா தாங்குவாளா, டாக்டர்?”

“தெரியாது.”

“சொல்லாட்டி?”

“அதுவும் தெரியாது. ஆக்ஸிஜன் இறங்கிக்கிட்டே வருது. குழந்தைய இனிமே உள்ள வெச்சிருக்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள கொண்டுபோறோம்.” டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். “இந்த மாசம் எனக்கு எதுவும் முன்கூட்டித் தெரியலம்மா. நீங்கதான் முடிவு பண்ணணும். கவச உடை தரச் சொல்றேன், அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வாங்க.”

மைக் முடிவு எதுவும் பண்ணவில்லை. பார்த்துவிட்டு வருவோம், தேடாதே என்று மட்டும் சொல்லுவோம், எப்படியாவது பூசி மெழுகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வெள்ளை உடைக்குள் புகுந்தாள். அவளுடைய மனம் எனக்குத் தெரியும், சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தாள்.

வார்டில் படுக்கைகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். மெஷின்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரைந்துகொண்டிருந்தன. டீச்சர் நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றி, கண் மட்டும் பெரிதாகியிருந்தது. கவச உடைக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் முதலில் பார்த்தாள்.

“டீச்சர்,” என்றாள் மைக்.

“அண்ணி.” டீச்சர் சிரித்தாள். “வாயத் தொறந்தாத்தான் நீங்கன்னு தெரியுது.”

“எப்படி இருக்கே?”

“இருக்கேன். அவர் காலையிலேர்ந்து பதிலே போடல. தூங்கறாரா?”

“ம்.”

டீச்சர் கையசைத்து அவளை அருகில் கூப்பிட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

“அவளக் கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி. அந்த மூலை பெட். பச்சைப் போர்வை. மெதுவாத் திரும்பிப் பாருங்க.”

மூலையில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அவளுக்கு யார்கிட்டேர்ந்தும் போனே வரதில்ல. புருஷன் எங்கன்னு கேட்டேன், ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்ங்கறா. வண்டியே ஓடல, எப்படி வருவார்? கணக்கு சரியா வருது. அவதான்.”

“டீச்சர், நீ பேசாத. மூச்சு வாங்குது.”

“என்னை உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு இருக்கேன். நர்ஸக் கூப்பிட்டு அவள இங்க உக்கார வெக்கச் சொல்லியிருக்கேன். கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா தாங்குவா. நீங்களும் கூட இருங்க.”

நர்ஸ் நிஜமாகவே அந்த மூலைப் பெண்ணை எழுப்பி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, என்னவோ ஏதோ என்று இந்தப் பக்கம் பார்த்தாள். அவளுடைய புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், வண்டி கிடைக்காமல் தவிக்கிறான், அவ்வளவுதான். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நடக்காத ஒரு சாவைக் கேட்டு அவள் அலறப்போகிறாள். வயிற்றில் அவளுக்கும் ஒரு குழந்தை.

“வேணாம் டீச்சர். அது அவ இல்ல.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப எந்த பெட்?”

மைக்குக்குப் பேச்சு வரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேசத் தெரிந்த வாய் அது. டீச்சர் அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்த்தாள். அந்த அம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சரின் கண் தன் தலைமாட்டு மெஷினுக்கும், அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து போகிற குழாய்க்கும் போயிற்று.

அந்தக் குழாயை விரலால் தொட்டாள்.

“எப்போ?” என்றாள் டீச்சர்.

“வெள்ளிக்கிழமை.”

“இல்ல அண்ணி. நேத்து ராத்திரி கூட என்கிட்ட பேசினார். பொண்ணு பொறந்தா என்ன பேர்னு கேட்டேன். நீயே வைடி, நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்னு எழுதினார்.” மூச்சு தடுக்கியது. “அது யாரு?”

“அப்பா.”

டீச்சர் அலறவில்லை. மைக் அலறலுக்குத் தயாராக இருந்தாள், இதற்குத் தயாராக இல்லை. டீச்சர் போனை எடுத்து அந்த நான்கு நாள் பேச்சையும் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே மஞ்சள் முகம் இருந்ததா என்பது மைக்குக்குத் தெரியவில்லை. பார்க்கத் துணியவும் இல்லை.

“என்ன மன்னிச்சுடு டீச்சர்.”

தலைமாட்டில் மெஷின் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் மூலைப் பெண்ணை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரோ மைக்கின் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். கதவு சாத்துவதற்குள் அவள் கடைசியாகப் பார்த்தது, தள்ளுவண்டிக்கு மாற்ற வந்தவர்களை ஒரு கையால் தடுத்து, இன்னொரு கையால் டீச்சர் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்ததுதான்.

கிழவர் வெளியே மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடையில் உட்கார்ந்திருந்தார். எல்போர்டு சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். மைக் வந்த நடையிலேயே கிழவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்றார்.

“சொல்லிட்டியா?”

அவள் தலை குனிந்தாள்.

“நான் வேணாம்னு சொன்னேன்ல,” என்றார் கிழவர். கோபமே இல்லாத குரல். “உள்ள கொண்டுபோயிட்டாங்களா?”

“கொண்டுபோறாங்கப்பா.”

சட்டைப்பையில் போன் துடித்தது. அவர் பதறி எடுத்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு மேடையில் மெல்ல உட்கார்ந்து, பெண்ணிடம் நீட்டினார்.

‘மாமா, இனிமே உங்க போன்லேர்ந்தே எழுதுங்க.’

மேலே ஆபரேஷன் அறையின் ஜன்னல்களை மூடிக்கொண்டிருந்தார்கள். கிழவர் இரண்டு சட்டைப்பைகளையும் தடவிப் பார்த்தார், பிறகு இடுப்பைத் தடவினார், உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவினார்.

“என் போனு வீட்ல இருக்கேம்மா,” என்றார்.